பேராசிரியர் வீட்டுச் சுவரில் ஓர் ஓவியம்

கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரில் 1906-ஆம் ஆண்டு பிறந்த புதுமைப்பித்தன், 1930-களில் தழுவலா மொழிபெயர்ப்பா என்று தமிழ் எழுத்தாளரிடையே விவாதம் மூண்டபோது, பிறநாட்டுக் கதையை நமக்குத் தர விரும்புகிறவர் அதை மூலகர்த்தாவின் பெயரோடு மொழிபெயர்த்தே தரவேண்டும், ஊரையும் பேரையும் மாற்றிச் சொந்தச் சரக்குப்போல் காட்டலாகாது என்ற கட்சியில் உறுதியாக நின்றார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவித் துப்பறியும் கதைகளை எழுதி, வாசகர்களை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்த காலத்தின் எதிரொலி அந்த வாதத்தில் இருந்தது. இன்று தொலைக்காட்சியும் இணையத் தொடர்களும் பழைய துப்பறிவாளர்களைப் புதிய காலத்துக்கு அழைத்து வருகிற வேளையில் அதே கேள்வி வேறு உருவத்தில் எழுகிறது: ஒரு பழைய கதையைப் பெயர்த்து நடும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது?

துப்பறிவாளனை இடம் மாற்றுவது பெரிய பிரயாசையல்ல என்பது என் அபிப்பிராயம். குதிரை வண்டிக்குப் பதில் கார், தந்திக்குப் பதில் கைப்பேசி; கூர்மையான புத்தி எந்த நூற்றாண்டிலும் கூர்மையானதே. வில்லன் விஷயம் அப்படியன்று. ஒரு சமூகம் எதைக் கண்டு அஞ்சுகிறதோ, அதைவிட முக்கியமாக, யாரைச் சந்தேகிக்க மறுக்கிறதோ, அதிலிருந்து பிறக்கிறவன் அவன். ஆகையால் அவனை உள்ளூர் மண்ணிலிருந்தே மறுபடி சிருஷ்டிக்க வேண்டியிருக்கிறது. தேவனின் சாம்புவையும் தமிழ்வாணனின் சங்கர்லாலையும் சுஜாதாவின் கணேஷ்-வசந்தையும் நாம் மறக்கவில்லை. ஆனால் அவர்களோடு மோதிய குற்றவாளி ஒருவனின் பெயரை உடனே சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஷெர்லக் ஹோம்ஸின் பரம வைரியான பேராசிரியர் மோரியார்டியை உலகம் மறக்கவில்லை. இத்தனைக்கும், ஹோம்ஸைக் கதையுலகிலிருந்து ஒழித்துக்கட்டுவதற்கென்றே 1893-இல் கானன் டாயில் அவசரமாகப் படைத்த பாத்திரம் அது. மோரியார்டி கதையின் மையத்துக்கு வருவது இரண்டே படைப்புகளில்தான். அவரைப் பற்றிய மிகச் சிறந்த காட்சி, முதல் கதைக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட ‘அச்சப் பள்ளத்தாக்கு’ நாவலில் வருகிறது. மோரியார்டியே பெருங்குற்றங்களின் மூளை என்று ஹோம்ஸ் சொல்வதை நம்ப முடியாமல், போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் நேரே அந்தப் பேராசிரியர் வீட்டுக்குப் போகிறார். பேச்சு கிரகணத்தைப் பற்றித் திரும்புகிறது. பேராசிரியர் விளக்கையும் பூகோள உருண்டையையும் எடுத்து வைத்து ஒரே நிமிஷத்தில் விளங்கச் செய்கிறார். படிக்கப் புத்தகம் ஒன்றும் இரவல் கொடுக்கிறார். விடைபெறும்போது தந்தை மகனை ஆசீர்வதிப்பதுபோலத் தோளில் கை வைக்கிறார். இன்ஸ்பெக்டருக்குப் பரம திருப்தி. எல்லாம் கேட்ட ஹோம்ஸ் ஒன்றே ஒன்றைத்தான் விசாரிக்கிறார்: பேராசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஓர் ஓவியம் இருந்ததா? அது பிரெஞ்சு ஓவியர் க்ரூஸின் படைப்பு. அந்த ஓவியரின் படங்கள் ஏலத்தில் என்ன விலை போகின்றன என்பதைச் சொல்லிவிட்டு, பேராசிரியரின் வருஷச் சம்பளம் எழுநூறு பவுன் என்பதையும் ஹோம்ஸ் நினைவூட்டுகிறார். அத்தனை கௌரவத்துக்கு நடுவே கண்ணெதிரே தொங்கிய ஒரே சாட்சியை இன்ஸ்பெக்டரும் பார்த்தார். ஆனால் ஓவியம் என்றுதான் பார்த்தார்.

இந்தக் காட்சியில்தான் மோரியார்டியின் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். 2010-இல் பி.பி.சி. தயாரித்த தொடரில் ஆண்ட்ரூ ஸ்காட் நடித்த மோரியார்டி, அசாத்தியமான திறமையோடு ஆக்கப்பட்ட பாத்திரம். குரல் ஒரு கணம் குழைந்து மறுகணம் சீறுவதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் அவன் பித்தன். அவனைப் பார்த்தவுடனே எவரும் ஒதுங்கிப் போவார்கள், அவனிடமிருந்து கிரகணப் பாடம் கேட்டுக்கொண்டு நிறைமனத்தோடு திரும்பமாட்டார்கள். பழைய ஆபத்து அங்கே குறைந்துபோயிற்று. அதற்கு முன் 1985-இல் கிரனாடா நிறுவனம் எடுத்த தொடரில், எரிக் போர்ட்டர் நடித்த பேராசிரியர் மோனா லிசா ஓவியத்தையே களவாட ஏற்பாடு செய்கிறார். டாயில் எழுதாத சம்பவம்தான், ஆயினும் டாயில் சுவரில் மாட்டிய ஓவியத்திலிருந்து நேராக முளைத்தது. ‘எலிமென்டரி’ என்ற அமெரிக்கத் தொடரில் மோரியார்டி பெண்ணாகவே ஆனாள். அவள் ஹோம்ஸிடம் அறிமுகமாவது பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிறவளாக. மோரியார்டிக்கு முன்மாதிரியாகப் பலரால் சொல்லப்படும் ஆடம் வொர்த், 1876-இல் லண்டன் கலைக்கூடமொன்றிலிருந்து கெய்ன்ஸ்பரோவின் ஓவியத்தைத் திருடி, விற்காமல் இருபத்தைந்து ஆண்டுகள் தன்னிடமே வைத்திருந்தவன். ஆக, இந்த வில்லனை எங்கே கொண்டுபோனாலும் கலைப்பொருள் ஒன்று அவனைத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது.

தமிழில் அவனைத் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் கடலூர் மாவட்டத்திலேயே, மணிமுத்தாற்றங்கரையில், செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. அக்கோயிலின் கோஷ்டத்திலிருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிற்பம், வலப்பாகம் அப்பனும் இடப்பாகம் அம்மையுமாக நின்ற அந்தத் திருவுரு, 2004-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. விற்றவர் நியூயார்க் நகரில் மேடிசன் அவென்யூவில் கலைப்பொருள் அங்காடி நடத்திய சுபாஷ் கபூர். பெரிய மியூசியங்கள் அவரிடம் வாங்கின. அவர் சில மியூசியங்களுக்கு நன்கொடையாகவும் கொடுத்தார். கலை ரசிகர் என்ற அந்தஸ்தோடு நடமாடினார். 1972-இல் நம் நாட்டில் பழம்பொருள் சட்டம் இயற்றப்பட்டதனால், அதற்கு முன்பே பொருள் கைமாறிவிட்டது என்று காட்டும் காகிதம் ஒன்று இருந்தால் வாங்குகிறவர் மனம் சமாதானமாகிவிடும். அர்த்தநாரீசுவரருக்கு 1970 தேதியிட்ட டெல்லிக் கடை ரசீது ஒன்று காட்டப்பட்டது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கு, டெல்லியில் வேலை பார்த்த சூடான் நாட்டுக்காரர் ஒருவரின் மனைவியிடமிருந்து வந்ததாகப் பத்திரம் காட்டப்பட்டது. அந்த நடராஜரை 2008-இல் கான்பெராவின் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. கிரகணத்தை விளக்கிய விளக்கும் உருண்டையும் செய்த வேலையை இங்கே ரசீதுகள் செய்தன.

சிதம்பரத்தில் நடராஜப் பெருமான் மூலவராக இருந்தும், ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தாமே தேரேறி வீதிக்கு வருகிறார். ஆண்டுக்கு இருமுறை ஊரே அவர் முகத்தைப் பார்க்கிறது. அவருடைய ஒரு நகை இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடக்கூடிய கண்கள் ஆயிரக்கணக்கில் அந்த நான்கு வீதிகளில் உண்டு. ஸ்ரீபுரந்தானில் பூஜை நின்றுபோய்க் கோயில் பூட்டிக் கிடந்தது. 2006-இல் நடந்த களவு 2008-இல்தான் ஊருக்குத் தெரியவந்தது. ஒரே ஆனந்த தாண்டவம். ஓரிடத்தில் லட்சம் கண்கள், மற்றோரிடத்தில் ஒரு துருப்பிடித்த பூட்டு. நவீன மோரியார்டி தன் நடமாட்டத்துக்குத் தேர்ந்தெடுப்பது இந்த இடைவெளியைத்தான்.

இக்கதையில் ஹோம்ஸ் யார் என்று கேட்டால், ஒருவரைச் சுட்டமுடியாது. 1983-இல் ஏற்பட்ட தமிழகப் போலீஸின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு, அமெரிக்க விசாரணை அதிகாரிகள், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் மியூசியம் பட்டியல்களைப் புரட்டிய கலை ஆர்வலர்கள், இவர்கள் எல்லோருக்கும் கைகொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு. பல பத்தாண்டுகளாகக் கிராமக் கோயில்களுக்குச் சென்று சிலை சிலையாகப் படம் பிடித்து வைத்த அந்தப் பொறுமை, குற்றம் நடக்கும் முன்பே சாட்சியத்தைச் சேகரித்துவிட்டது. நம் ஸ்தபதிகள் மெழுகில் உருச்செய்து, மேலே மண் அப்பி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள்; ஆறியபின் மண் அச்சை உடைத்தே உருவத்தை வெளியே எடுக்கவேண்டும். ஆகையால் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதற்கில்லை. வார்ப்பில் நேர்ந்த சிறு குறை, தேய்ந்த விரல், திருவாசியில் முறிந்த சுடர் ஆகியவற்றைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால் எத்தனை ரசீதுகள் இருந்தாலும் உண்மை வெளிவந்துவிடும்.

சுபாஷ் கபூர் 2011 அக்டோபரில் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கைதாகி, 2012-இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் நடராஜரையும் அர்த்தநாரீசுவரரையும் டெல்லியில் திரும்ப ஒப்படைத்தார். 2022 நவம்பரில், உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில், கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. கற்பனைக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேறென்ன வேண்டும்? நிஜ மனிதரின் வாழ்க்கையை அப்படியே படமாக்கச் சொல்லவில்லை. அவர் வகையைச் சேர்ந்த ஒரு கற்பனைப் பாத்திரத்தை, மெத்தப் படித்த, மிருதுவாகப் பேசுகிற, சபையில் முதல் வரிசையில் அமர்த்தப்படுகிற ஒருவரைப் படைக்கச் சொல்கிறேன். அவர் திரையில் தோன்றும்போது பின்னணியில் முரசு அதிரவேண்டாம். வில்லன் என்று பார்வையாளருக்கு முதலிலேயே சொல்லிக்கொடுக்கும் அந்த வழக்கம் இந்தப் பாத்திரத்தைக் கொன்றுவிடும். ஐந்தாவது வாரம் வரை நம் வீட்டுப் பெரியவர்களே அவரை மெச்சிக்கொண்டிருக்க வேண்டும். புதுமைப்பித்தன் கண்டித்தது அயல் கதைக்கு நம் சட்டையை மாட்டுவதை. இது நம் மண்ணில் நடந்ததை, அயல் ஆசிரியர் ஒருவரிடம் கற்ற நுட்பத்தால் நாமே எழுதுவது. அவருக்கும் இதில் ஆட்சேபம் இருந்திருக்காது என்றே எண்ணுகிறேன்.

துப்பறியும் தொடர் எழுத உட்காருகிற நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வில்லனின் சிரிப்பு எப்படி இருக்கவேண்டும் என்று யோசிக்கும் முன்னால், விருத்தாசலம் கோயிலில் கோஷ்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி ஒரு பிரதட்சிணம் வாருங்கள், அங்கிருந்து புதுச்சேரிக்குப் போய் அந்தப் பழைய புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதற்கப்புறம் முதல் காட்சியை எழுதுங்கள்.