குழாய் பொருத்திய கொதிபானையும் முற்றத்து அடுப்பும்

இருபது லீற்றர் கொதிநீர் ஏறக்குறைய இருபது கிலோ நிறையுடையது. அந்தப் பானையை இருவர் பிடித்துச் சரித்து ஊற்றும்போது ஒருவருடைய கை வழுக்கினாற் போதும், ஆயுள் முழுவதும் மாறாத தழும்பு வந்துவிடும். எனவேதான் நெல்லிரசம் காய்ச்சும் மாதர் குழுக்களும், சிரமதானத்துக்குத் தேநீர் வைப்போரும், இலைக்கஞ்சி விற்போரும் அடியிலே குழாய் பொருத்திய பானையை நாடுகிறார்கள். பானை இருந்த இடத்திலேயே இருக்க, குழாயைத் திறந்து வேண்டிய அளவை எடுத்துக்கொள்ளலாம்.

மேல்நாடுகளில் இவ்வகைப் பானையை அதிகம் கையாள்வோர் வீட்டில் பியர் காய்ச்சுவோரே. ஐக்கிய அமெரிக்காவில் 1978 இல் நிறைவேறிய சட்டம் இதற்கு வழி திறந்தது. அவர்கள் வழக்கமாக ஐந்து கலன், அதாவது ஏறக்குறைய 19 லீற்றர், காஸ் அடுப்பில் முற்றத்திலே வைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். நம் நாட்டில் உத்தரவுப் பத்திரமின்றி மது காய்ச்சுவது குற்றம். ஆகவே அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது பானையை மட்டுமே. ஆனால் பானையோடு அவர்கள் எதிர்கொள்ளும் தொல்லையும் கூடவே வருகிறது. திறந்த வெளியிலே காற்று தீயைச் சாய்க்கிறது. சாய்ந்த தீ குழாயைச் சுடுகிறது. சுட்ட குழாய் ஒழுகுகிறது.

குழாய்க்குள் நடப்பது என்ன?

இப்பானைகளில் பெரும்பாலும் பொருத்தப்படுவது உருண்டை வால்வு. அதன் வயிற்றில் துளையுள்ள ஓர் உருண்டை இருக்கும். பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் துளை நேராகி நீர் பாயும். உருண்டையைச் சுற்றி நீர் கசியாமற் காப்பவை ரெப்லோன் வளையங்கள். குழாய் பானையைச் சேரும் இடத்தில் சிலிக்கோன் அல்லது றப்பர் வாசர் இருக்கும்.

பானையின் சுவர் தீக்கு மேலே இருந்தும் உருகாமல் இருப்பது உள்ளே உள்ள நீரினாலேயே. நீர் கொதிக்கும்போது 100 பாகை செல்சியஸை அண்டியே நிற்கும். சுவரையும் ஏறக்குறைய அந்த அளவிலேயே வைத்திருக்கும். ஆனால் குழாய் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நிற்கும் நீர் பானை நீரைப் போலப் புரண்டு வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை. வெளியிலிருந்தோ, பானையின் அடியைத் தழுவி மேலேறும் எரிந்த வாயு பல நூறு பாகை வெப்பத்தோடு வந்து குழாயில் மோதுகிறது.

ரெப்லோன் ஏறக்குறைய 260 பாகை வரை தாங்கும். அதற்கு மேல் கெடத் தொடங்கும். மிகையாகச் சூடேறினால் சுவாசிக்கத் தகாத புகையையும் விடும். சிலிக்கோன் ஏறக்குறைய 200 பாகை வரை தாங்கும். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் சாதாரண கறுப்பு றப்பர் வாசர் கொதிநிலையிலேயே நெடுநாள் நிலைக்காது. பிடியின்மேல் உள்ள பிளாஸ்ரிக் உறை இவை எல்லாவற்றுக்கும் முன்னர் இளகிவிடும். இன்னுமொன்று: மூடிய வால்வின் உருண்டைக்குள் சிறிது நீர் அகப்பட்டிருக்கும். அது ஆவியானால் வளையங்களை உள்ளிருந்தே நெரிக்கும்.

வளையம் கெட்ட குழாய் முதலில் சொட்டும், பின்னர் ஓடும். கொதிநீர் காலிலே கொட்டலாம். அடுப்பிலே கொட்டித் தீயை அணைத்தால், அணைந்த அடுப்பிலிருந்து காஸ் தொடர்ந்து வெளியேறும். நம் அடுப்புகளில் எரியும் காஸ் காற்றை விடப் பாரமானது. பள்ளத்தில் தங்கி நிற்கும். அருகே ஒரு பொறி கிடைத்தால் பற்றிக்கொள்ளும்.

காற்றைப் பார்த்துப் பானையை வைத்தல்

சோளகம் வீசும் மாதங்களில் வடக்கின் கரையோரங்களில் வெளி அடுப்பு ஒருபோதும் நேராக எரிவதில்லை. தீ காற்று போகும் பக்கம் சாயும். ஆகவே முதலாவது விதி செலவற்றது: குழாய் காற்று வரும் பக்கத்தை நோக்கி இருக்கட்டும். அது முடியாவிட்டால் பக்கவாட்டில் இருக்கலாம். காற்று போகும் பக்கத்தில் மட்டும் இருக்கலாகாது. அடுப்பை மூட்டுமுன் சிறிது சாம்பலைத் தூவிப் பார்த்தால் காற்றின் போக்குத் தெரியும். இடையிலே காற்றுத் திரும்பினால், கொதிக்கும் பானையைத் திருப்ப முயலாதீர்கள். தீயைக் குறையுங்கள், அல்லது அணையுங்கள்.

இரண்டாவது விதி: தீ பானையின் அடியைத் தாண்டி வெளியே நாக்கு நீட்டக்கூடாது. அப்படி நீட்டும் தீ பானையைச் சூடாக்குவதில்லை. குழாயையும் முற்றத்தையுமே சூடாக்குகிறது. 2022 இல் காஸுக்கு வரிசையில் நின்ற நமக்கு இந்த வீண்செலவைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

விறகடுப்பாயின், அடுப்பின் வாயும் புகை போகும் வழியும் இல்லாத பக்கத்தில் குழாய் அமையட்டும்.

குழாய்க்கு ஒரு கேடயம்

குழாய்க்குக் கீழே ஒரு தகட்டைப் பொருத்தினால் மேலேறும் சூடான வாயு விலகிப் போகும். ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள துருப்பிடிக்காத உருக்குத் தகடு நல்லது. சாதாரண இரும்புத் தகடும் போதும். அகலம் வால்வின் இரு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். நீளம் வால்வின் நுனியைத் தாண்டட்டும். செய்யும்போது கவனிக்கவேண்டியவை:

1. தகட்டின் உள்விளிம்பு பானைச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அங்கே இடைவெளி விட்டால் வாயு அதனூடாகவே ஏறும்.

2. தகட்டுக்கும் வால்வுக்கும் இடையில் அரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். தகடு வால்வைத் தொட்டால் தன் சூட்டை நேரே அதற்குக் கொடுத்துவிடும்.

3. தீ படும் இடத்தில் நாகம் பூசிய கூரைத்தகரம் வேண்டாம். கடுஞ்சூட்டில் நாகப்பூச்சு நச்சுப் புகையை விடும்.

4. பழைய அஸ்பெஸ்ரஸ் கூரைத்துண்டுகளை ஒருபோதும் வெட்டிப் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயைத் தரவல்லது.

வால்வைப் பானையிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளி, ஒரு குறுங்குழாயின் நுனியில் வைப்பதும் உதவும். ஆனால் நீளம் கூடக்கூட, யாராவது இடறினால் மூட்டு அசையும் அபாயமும் கூடும்.

காற்று மறைப்பு: அடைப்பும் மூச்சும்

காற்று வரும் பக்கமும் அதன் இரு மருங்கும் தகட்டால் மறைத்தாற் போதும். நான்காவது பக்கம் திறந்தே இருக்க வேண்டும். தகடு அடுப்பிலிருந்து ஒரு சாணாவது விலகி நிற்கட்டும்; உயரம் குழாயின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே முடியட்டும்; நிலத்துக்கும் தகட்டுக்கும் இடையில் இரண்டு மூன்று அங்குலம் விடுங்கள்.

தீயும் மூச்சு விடுகிறது. அடுப்பை முற்றாக அடைத்தால் காற்றுப் போதாமல் தீ மஞ்சளாகும், பானை கரிபிடிக்கும், மணமற்ற நச்சு வாயுவான காபன்மொனொட்சைட் உண்டாகும். அதோடு அகப்பட்ட சூடு அடுப்பின் சொந்தக் குழாயையும் றப்பர்க் குழாயையும் தாக்கும். நீலத்தீ நின்று எரிகிறதா என்று பாருங்கள். மஞ்சளானால் மறைப்பைத் தளர்த்துங்கள். காற்றுக்குப் பயந்து இவ்வடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோகவும் கூடாது.

சிலிண்டர் மறைப்புக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில், றப்பர்க் குழாய் இடங்கொடுக்கும் தூரத்தில் நிற்கட்டும். காற்றால் தீ அணைந்தால் உடனே மீண்டும் பற்றவைக்க வேண்டாம். சிலிண்டரை மூடி, தேங்கிய காஸ் கலையும் வரை பொறுத்திருங்கள்.

வேலைக்கு முன்னும் பின்னும்

வாங்கும்போது உணவுக்குத் தகுந்த துருப்பிடிக்காத உருக்கு வால்வையே கேளுங்கள். பித்தளையில் ஈயம் கலந்திருக்கக் கூடும். நெல்லி, புளி போன்ற புளிப்புகள் உலோகத்தை அரிக்கும்.

ஒவ்வொரு முறையும் முதலில் குளிர்நீர் நிரப்பிக் கால் மணி நேரம் ஒழுக்குப் பாருங்கள். குழாய் மட்டத்துக்குக் கீழே நீர் இருக்கையில் அடுப்பை எரிக்காதீர்கள். உள்ளிருந்து வரும் காவல் அப்போது இல்லை. கொதிக்கும் வேளையில் கேடயம் வேலை செய்கிறதா என்று அறிய, ஒரு கரண்டியால் வால்வின் மேல் ஒரு துளி நீர் விடுங்கள். துளி மெல்ல உலர்ந்தால் நன்று. சீறிக்கொண்டு பறந்தால் வால்வு பானை நீரைவிட மிகச் சூடாயுள்ளது; தீயைக் குறைத்துத் தகட்டைச் சரிசெய்யுங்கள்.

தீயை அணைத்துச் சிலிண்டரையும் மூடிய பின்னரே குழாயைத் திறக்க வேண்டும். கைக்குத் தடித்த துணி, காலுக்குச் செருப்பு, சிறுவர் அணுகாத தூரம் என்பன எப்போதும் வேண்டும். வேலை முடிந்ததும் வால்வைப் பாதி திறந்த நிலையில் கழுவி உலரவிடுங்கள். அகப்பட்ட பாகும் கஞ்சியும் புளித்து அடுத்த நாள் காய்ச்சலைக் கெடுக்கும். பாகங்களாகப் பிரிக்கத்தக்க வால்வானால் இடைக்கிடை பிரித்து வளையங்களைப் பாருங்கள். தட்டையாகியோ, கருகியோ, வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். வளையத்தின் விலை சிறிது. ஒரு தீக்காயத்துக்கு மருந்து கட்டும் நாட்களோ பல.