காட்டுத் தீயில் வீட்டைக் காப்பது எப்படி? ஆஸ்திரேலியா கற்ற பாடம்

கிராமத்தில் ஒரு கூரை வீடு தீப்பிடித்தால் பக்கத்து வீட்டில் என்ன நடக்கும்? பெண்கள் பாத்திர பண்டங்களை எடுத்து வெளியே வைப்பார்கள். இளவட்டங்கள் ஈரச் சாக்கோடும் தண்ணீர்க் குடத்தோடும் கூரை மேல் ஏறிவிடுவார்கள். எரிகிற வீட்டின் ஜுவாலை அவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் காற்றில் வரும் பொறி எட்டும். அது ஓலையில் விழுந்ததுமே அடித்து அணைத்துவிட்டால் வீடு தப்பும்.

நம் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரிந்த இந்த விஷயத்தை ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தார்கள்.

1944-ம் ஆண்டு ஜனவரியில் மெல்போர்ன் நகரத்தை ஒட்டிய பியூமாரிஸ் என்ற இடத்தில் தீ பரவி, பல வீடுகள் சாம்பலாயின. எரிந்த வீடு, தப்பிய வீடு இரண்டையும் நிபுணர்கள் போய்ப் பார்த்தார்கள். நெருப்பு மதில் போல வந்து வீடுகளை விழுங்கவில்லை, பறந்து வந்த பொறிகள்தான் பெரும்பாலும் எரித்தன என்று தெரிந்தது. 1983-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி இரண்டு மாநிலங்களில் 75 பேரைப் பலி கொண்ட தீக்குப் பிறகு நடந்த ஆய்வும் இதையே சொன்னது.

தீயின் முன்வரிசை ஒரு வீட்டைக் கடந்து போகச் சில நிமிடங்கள்தான் ஆகும். பொறி மழையோ அதற்கு முன்பே தொடங்கி, தீ போன பிறகும் மணிக்கணக்கில் நீடிக்கும். "ஆபத்து நீங்கியது" என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, எங்கோ ஓட்டு இடுக்கில் கனன்ற பொறி வீட்டையே கொளுத்திவிடுகிறது.

அங்கே தைல மரம்தான் காடு. நீலகிரியில் நாம் பார்க்கும் அதே யூகலிப்டஸ். அதன் பட்டை நாடா நாடாவாக உரிந்து தொங்கும். தீப்பிடித்தால் பட்டை எரிந்துகொண்டே காற்றில் கிளம்பி, பல கிலோ மீட்டர் தாண்டி விழும்.

கம்பி வலை

நிலக்கரி என்ஜின் ஓடிய காலத்தில் அதன் பொறி பாதையோரத்து வைக்கோல் போரைப் பற்ற வைத்த கதைகளைப் பழைய ரெயில்வே ஊழியர்கள் சொல்வார்கள். அதைத் தடுக்க என்ஜினுக்குள் கம்பி வலை வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கே வலை போடுகிறார்கள். காட்டுத் தீ அபாயமுள்ள பகுதியில் புது வீடு கட்டினால் கூரைக்கு அடியில் காற்று போகும் துவாரங்களில் உலோக வலை இருக்க வேண்டும். அதன் கண் 2 மில்லி மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பிளாஸ்டிக் வலை உதவாது. அது உருகிவிடும்.

வீடு இருக்கும் இடத்துக்கு எவ்வளவு அனல் வரும் என்று கணக்கிட்டு, ஆறு தரமாகப் பிரித்திருக்கிறார்கள். காட்டுக்கு எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு சரிவு என்பதெல்லாம் கணக்கில் வரும். மேட்டில் ஏறும் தீ, சரிவு 10 டிகிரி கூடினால் இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும். மலை உச்சியில் வீடு கட்டிக் காட்சி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது கசப்பான செய்திதான்.

ஆனால் இந்த விதிகள் புது வீட்டுக்குத்தான். பழைய வீட்டுக்காரர் என்ன செய்வார்? சன்னலுக்குத் தீ தாங்கும் கண்ணாடி போடுவதற்கு நிறையப் பணம் வேண்டும். ஏணியும் துடைப்பமும் வைத்துச் செய்கிற வேலைக்கு அவ்வளவு பணம் வேண்டியதில்லை. நம் ஊரில் மார்கழிக் குளிர் அடிக்கும்போது அங்கே கோடை. அதற்கு முன்பே கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் ஓடும் தகர வாய்க்காலில் சேர்ந்த சருகை அள்ளுவார்கள். அங்கேதான் பொறி முதலில் உட்காரும். சன்னலை ஒட்டி வளர்ந்த செடி, சுவரோரம் அடுக்கிய விறகு, மரத் திண்ணைக்கு அடியில் சேர்ந்த குப்பை எல்லாவற்றையும் அகற்றுவார்கள். கியாஸ் சிலிண்டரின் பாதுகாப்பு வால்வு வீட்டைப் பார்த்து இருக்கக்கூடாது. தீ நாளன்று வாசலில் கிடக்கும் கால்மிதியைக்கூட எடுத்து உள்ளே போட்டுவிட வேண்டும். ஒரு கால்மிதியால் கதவு பற்றி, கதவால் வீடு போனால் யாரைக் குறை சொல்வது?

தண்ணீருக்குக் குழாயை நம்ப முடியாது. ஊரே ஒரே நேரத்தில் திறந்தால் சொட்டுத்தான் வரும். மின்சாரமும் நின்றுவிடும். அதனால் தனித் தொட்டியும், பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் பம்பும் வைத்துக்கொள்கிறார்கள். உடுத்துவது பருத்தி அல்லது கம்பளி. நைலான் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

173 உயிர்கள்

இவ்வளவும் செய்தவர்கள் வீட்டில் தங்கித் தீயை எதிர்க்கலாம், இல்லாவிட்டால் முன்கூட்டியே வெளியேற வேண்டும் என்பதுதான் நெடுங்காலம் அங்கே சொல்லப்பட்ட அறிவுரை.

2009-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி, சனிக்கிழமை. மெல்போர்னில் வெயில் 46.4 டிகிரி செல்சியஸ். கில்மோர் ஈஸ்ட் என்ற இடத்தில் ஒரு மின்கம்பி அறுந்து தீ கிளம்பியது. சாயங்காலம் காற்று திசை மாறியது. அதுவரை தீக்குப் பக்கவாட்டில் இருந்த ஊர்கள் ஒரே நொடியில் தீக்கு நேர் எதிரே வந்துவிட்டன. அந்த ஒரு தீயில் மட்டும் 119 பேர் மாண்டார்கள். விக்டோரியா மாநிலத்தில் அன்று மூண்ட தீக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பலி 173. எரிந்த வீடுகள் 2 ஆயிரத்துக்கு மேல்.

இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டுக்குள்தான் இறந்தார்கள். முதியவர்கள், நோயாளிகள், குழந்தைகள் பலர். நன்றாகத் தயார் செய்த வீடுகளிலும் சாவு விழுந்ததுதான் நாட்டை உலுக்கியது.

விசாரணைக் கமிஷன் 2010-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தது. அறிவுரை மாறியது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் முதல் நாடு முழுவதும் ஒரே மாதிரி நான்கு படி எச்சரிக்கை நடைமுறையில் இருக்கிறது. உச்சப் படி அறிவித்த நாளில், எப்படிப்பட்ட வீடானாலும் நம்பாதீர்கள், காலையிலேயே அல்லது முதல் நாள் இரவே கிளம்பிவிடுங்கள் என்று சொல்கிறார்கள். புகையைப் பார்த்த பிறகு காரை எடுப்பது தங்குவதைவிட மோசம். 2019-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி மல்லகூட்டா என்ற கடற்கரை ஊரில், வெளியே போகும் ஒரே சாலை அடைபட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் நீர்க்கரையில் ஒதுங்கி நின்றார்கள். பிறகு கடற்படைக் கப்பல் வந்து பலரை ஏற்றிச் சென்றது.

சிக்கல் என்னவென்றால், எச்சரிக்கை விடுத்த எல்லா நாளும் தீ வருவதில்லை. மூட்டை கட்டி, பிள்ளைகளையும் நாயையும் ஏற்றிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய், மறுநாள் திரும்பினால் வீடு அப்படியே இருக்கும். வாய்க்காலில் ஒரு சருகுகூடப் புதிதாக விழுந்திருக்காது. இப்படி இரண்டு தடவை அலைந்த மனிதரை மூன்றாம் தடவை கிளப்புவது பெரும்பாடாக இருக்கிறது.