தேதி வராத செக்கை முன்கூட்டியே பாங்கில் போட்டால்...



முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு சரக்கு எடுக்கிற கடைக்காரர் நம்மில் குறைவு. பண்டிகைச் சரக்கு என்றாலும், கடை விரிவுக்கு ஃபைனான்ஸில் வாங்கிய கடன் என்றாலும், தேதி போட்ட செக்கைக் கொடுத்துத்தான் காரியம் நடக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே செக்கை எதிராளி பாங்கில் போட்டுவிட்டால் நம் நிலை என்ன? இதைப் பலர் என்னிடம் கேட்டதுண்டு. நான் வக்கீல் அல்ல. மண்டியில் பல வருடம் செக் வாங்கியும் கொடுத்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் என் கடையில் நடந்த தவறையே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி நேரம். ஒரு சிறிய மளிகைக் கடைக்காரர் பருப்பும் எண்ணெயும் எடுத்து, 10, 20, 30 தேதிகளுக்கு மூன்று செக் கொடுத்திருந்தார். என் கணக்குப்பிள்ளை தேதியைப் பார்க்காமல் மூன்றையும் 10-ஆம் தேதியே பாங்கில் சேர்த்துவிட்டார். 30-ஆம் தேதி செக் ‘தேதி வரவில்லை’ என்று திரும்பியது. 20-ஆம் தேதி செக்கைப் பாங்கில் கவனிக்காமல் பாஸ் செய்துவிட்டார்கள். அதனால் அவர் சர்க்கரை மொத்த வியாபாரிக்குக் கொடுத்திருந்த செக் பணமில்லாமல் திரும்பியது. அவர் என் கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. “அண்ணாச்சி, தேதி போட்டுத்தானே கொடுத்தேன்?” என்று மட்டும் கேட்டார். அன்றே அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சர்க்கரை வியாபாரியிடம் நானே போய்த் தவறு என்னுடையது என்று சொன்னேன். என்னிடம் நடந்தது கவனக்குறைவு. வசூலுக்கு வருகிறவர்களில் சிலர் இதையே நெருக்கடி கொடுக்கும் வழியாகச் செய்கிறார்கள்.

சட்டம் சொல்வது

பின்தேதி போட்டுச் செக் கொடுப்பது குற்றமல்ல. ஆனால் அதில் உள்ள தேதி வரும்வரை அது கேட்டவுடன் பணம் தரவேண்டிய செக் ஆகாது. 1993-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தத் தேதியில்தான் அது செக் ஆகிறது. அதன் ஆயுளும் அன்றிலிருந்துதான் கணக்கு. அந்த ஆயுள் முன்பு ஆறு மாதம். 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதம்.

ஆகவே தேதிக்கு முன் வந்த செக்கைப் பாங்க் பாஸ் செய்யக் கூடாது. செய்தால் அந்தப் பணத்தை நம் கணக்கில் பற்று எழுத அதற்கு உரிமை இல்லை. திருப்பி வரவு வைக்க வேண்டும். அதன் காரணமாக நம்முடைய வேறு செக் திரும்பியிருந்தால் அந்த நஷ்டத்துக்கும் பாங்க் பதில் சொல்ல வேண்டும்.

செக் திரும்பினால் ஜெயில் என்று பயமுறுத்துவது 138-ஆவது பிரிவை வைத்துத்தான். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் இப்பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் தேதி வராத செக்கைப் போட்டுத் திரும்பியதை வைத்து இந்த வழக்கு நிற்காது. தேதி வந்த செக் திரும்பினால்கூட, தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் நாம் பணம் கட்டிவிட்டால் குற்றம் இல்லை. கட்டாவிட்டால்தான், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள், அவர் கோர்ட்டுக்குப் போகலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. முன்கூட்டிப் போட்டுத் திரும்பிய அதே செக்கை, தேதி வந்த பிறகு மறுபடியும் போடலாம். ஆகவே ‘ஒருமுறை திரும்பியாயிற்று’ என்று இருந்துவிடாமல் அந்தத் தேதிக்குப் பணம் தயாராக வைக்க வேண்டும். ஸ்டாப் பேமெண்ட் கொடுத்துவிட்டால் தப்பலாம் என்பதும் சரியல்ல. பாக்கி உண்மையாக இருந்து, கணக்கில் பணம் இல்லாமல் நிறுத்தினால் 138 வரும்.

நாம் ஏமாறும் இடம்

இத்தனை பாதுகாப்பும் செக்கில் எழுதிய தேதிக்குத்தான். தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால், வாங்கியவர் அதை நிரப்பிக்கொள்ள சட்டமே இடம் தருகிறது. ‘செக்யூரிட்டிக்காகத்தான் கொடுத்தேன்’ என்று பிறகு சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும். வசூல்காரர் “தேதியை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்” என்றால் அங்கேயே எச்சரிக்கையாக வேண்டும். நாம் எழுதிய தேதியை நம் சம்மதமின்றித் திருத்தினால் அந்தச் செக் செல்லாது. வெறுமையாக விட்ட இடத்துக்கு அந்தக் காவல் கிடையாது.

இன்னொன்று, இடையில் ரொக்கமாகக் கட்டிய தொகை. ஐம்பதாயிரம் ரூபாய் செக்குக்கு இருபதாயிரம் கட்டிவிட்டால், அந்த வரவைச் செக்கிலேயே எழுதச் சொல்லுங்கள். அல்லது முப்பதாயிரத்துக்குப் புதுச் செக் கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்குங்கள். வரவை எழுதாமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டால் 138 பொருந்தாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆனால் கட்டியதற்கு ரசீது இருந்தால்தான் அதை நாம் காட்ட முடியும்.

செய்ய வேண்டியவை

1. செக் கொடுக்கும்போது செக் நம்பர், தேதி, தொகை, எந்த பாக்கிக்காக என்று ஒரு தாளில் எழுதி, வாங்குபவர் கையெழுத்துடன் நகல் வைத்துக்கொள்ளுங்கள். ‘குறித்த தேதிக்கு முன் போடுவதில்லை’ என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும். மீறினால் நஷ்டம் கேட்க அதுவே ஆதாரம்.

2. பாங்கிலிருந்து போனுக்கு வரும் செய்தியைத் தினமும் பாருங்கள். 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் நாள் முழுவதும் நடப்பதால், போட்ட அன்றே பணம் போய்விடலாம்.

3. முன்கூட்டியே பாஸ் ஆகியிருந்தால் அன்றே பாங்க் மேனேஜருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. 30 நாளில் பதில் இல்லை என்றாலும், பதில் திருப்தி இல்லை என்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

4. நம் தவறில்லாமல் செக் திரும்பியதற்குப் பாங்க் கட்டணம் பிடித்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

5. வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, செக்கின் தேதியையும் போட்ட தேதியையும் குறிப்பிட்டு, வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள்.

6. பாங்க், ஃபைனான்ஸ் கம்பெனிகளின் வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. மிரட்டவும் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது. தண்டல், மீட்டர் வட்டிக்காரர்கள் செக்கைக் காட்டி மிரட்டினால், தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் போலீசில் புகார் கொடுக்கலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். வியாபார நோக்கத்துக்குப் பெற்ற சேவைக்கு அங்கே பொதுவாக இடமில்லை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் கடை நடத்துபவரை நுகர்வோராகவே சட்டம் கருதுகிறது. சின்னக் கடைக்காரர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

கடைசியாக, செக் வாங்குகிற என்னைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சம்பவத்துக்குப் பின் என் கடையில் செக்குகளைத் தேதிவாரியாகத் தனித்தனிக் கவரில் போட்டு, அன்றைய கவரை மட்டுமே பாங்குக்கு அனுப்புகிறோம். அந்தக் கடைக்காரர் இன்றும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார். கொடுத்தவர் அந்தத் தேதிக்குப் பணம் வைக்க வேண்டும். வாங்கியவர் அந்தத் தேதிவரை பொறுக்க வேண்டும். இரண்டும் நாணயம்தான்.