சுவருக்குள் ஒழுகும் பைப்பை எக்செல் ஷீட்டில் பிடிக்கலாம்!

குரோம்பேட்டையில் உள்ள எங்கள் வீடு 1984-ல் கட்டியது. கீழே அப்பா, அம்மா. மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். போன கோடையில் கீழ் ஹால் சீலிங்கில் ஓதம் ஏறி, பெயிண்ட் உரிய ஆரம்பித்தது. "மேலே இருக்கிறவங்க பாத்ரூமில் தண்ணியைக் கொட்டுறாங்க" என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லலாமா என்ற பேச்சும் வந்தது. பிளம்பரோ மாடி பாத்ரூம் டைல்ஸ் முழுவதையும் உடைக்க வேண்டும் என்றார்.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். உடைப்பதற்கு முன் அளந்து பார்க்கலாம் என்றேன். மாடிக் குடும்பம் ஒரு வாரம் சொந்த ஊருக்குப் போயிருந்தது வசதியாகப் போயிற்று. சாவியை அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள்.

தேவையான பொருட்கள்

ரிச்சி தெருவில் கிடைக்கும் வாட்டர்புரூஃப் அல்ட்ராசானிக் சென்சார் ஒன்று, வைஃபை உள்ள இஎஸ்பி8266 போர்டு ஒன்று. சென்சாரை டேங்க் மூடியில் பொருத்தினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நீர்மட்டம் பதிவானது. அதை எக்செல்லில் போட்டுக் கணக்குப் பார்த்தேன். எங்கள் டேங்க்கின் உள்விட்டம் 1 மீட்டர். அப்படியானால் 1 செ.மீ. இறங்கினால் 7.85 லிட்டர் போயிற்று என்று அர்த்தம்.

முதல் இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டாரையும் நிறுத்தினேன். 11 மணி முதல் 5 மணிக்குள் 3.7 செ.மீ. இறங்கியதாகச் சென்சார் சொன்னது. ஸ்டீல் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் 3 செ.மீ.தான்!

காரணம் என்ன? வெப்பம் 1 டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். இரவில் 32 டிகிரி 26 ஆனது. எதிரொலி தாமதமாகத் திரும்ப, தண்ணீர் இறங்கிவிட்டதாகச் சென்சார் கணக்குப் போட்டுவிட்டது. 70 செ.மீ. தூரத்தில் இந்தப் பிழை சுமார் 7 மி.மீ. எனவே சென்சார் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இரவு ஒரு முறை, விடியற்காலை ஒரு முறை ஸ்கேலால் அளந்தாலே போதும்.

3 செ.மீ. என்றால் 6 மணி நேரத்தில் 23.5 லிட்டர். ஒரு நாளைக்கு 94 லிட்டர்!

ஒவ்வொன்றாக மூடுங்கள்

1. இரண்டாம் இரவு கீழ் வீட்டு லைனின் வால்வை மூடினேன். அப்போதும் 3 செ.மீ. ஆக, லீக் மாடியில்தான். போர் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்த பழைய கேட் வால்வு முழுதாக மூடாது. மூடிய பின் அந்த லைனில் ஒரு குழாயைத் திறந்து, தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

2. மாடி ஃபிளஷ் டேங்க்கில் சிறிது கேசரி பவுடரைக் கரைத்து, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விட்டேன். கோப்பையில் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தது. வாஷரில் சுண்ணாம்பு கட்டிச் சரியாக உட்காரவில்லை. வாஷரை மாற்றியதும் மூன்றாம் இரவு 1 செ.மீ.தான் இறங்கியது.

3. நான்காம் இரவு கீசருக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடினேன். மட்டம் அசையவே இல்லை!

ஃபிளஷ் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும். சீலிங்கை நனைத்தது, இரவுக்கு 8 லிட்டர் ஒழுகிய சுடுநீர் லைன்தான். சூடாகும்போது தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு பிரிந்து படியும் என்பதால், உப்புத் தண்ணீர் வீடுகளில் சுடுநீர் பைப்பே முதலில் அடைக்கும். கீசரிலிருந்து ஷவர் வரை அந்த லைன் நாலடிதான். நான்கு டைல்ஸ் உடைத்ததில், மரை துருப்பிடித்த ஜி.ஐ. எல்போ ஒன்று கிடைத்தது. முக்கால் இஞ்ச் பைப்புக்குள் பென்சில்கூட நுழையவில்லை.

நினைவில் வையுங்கள்

சுவரில் வெள்ளைப் பொடி பூத்தால் உள்ளே பைப் லீக் என்று உடனே முடிவு செய்யாதீர்கள். மழை ஈரம் செங்கல்லின் உப்பை வெளியே கொண்டுவந்தாலும் அப்படித்தான் பூக்கும். இருட்டில் டேங்க் மேல் ஏறும்போது துணைக்கு ஒருவரை வைத்துக் கொள்ளுங்கள். போர்டின் அடாப்டர் தண்ணீரிலிருந்து தள்ளியே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓர் இரவு அளந்து பாருங்கள்.

மாடிக்காரர்கள் ஊரிலிருந்து திரும்பியதும் அப்பா அந்த எல்போவைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போனார். அரை மணி நேரம் கழித்து காபி குடித்துவிட்டு இறங்கி வந்தார்.