தொழில் உடன்பாட்டுத் தகராறுகளில் முடிவெடுப்போரின் சார்புநிலை: காவிரிப் படுகையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஊதிய உடன்பாடு குறித்த தகராறில் முடிவெடுப்பவர் ஒருதலைச் சார்புடையவர் என்னும் வாதம் எந்நிலையில் ஏற்கப்படுகிறது, எந்நிலையில் தள்ளப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தீர்ப்பாயத்தில் அமர்வோரிடம் சட்டம் கோரும் சார்பின்மை சமரச அலுவலரிடம் வெளிப்படையாகக் கோரப்படவில்லை. ஆயினும் அவரது இசைவே உடன்பாட்டுக்கு அனைவரையும் பிணைக்கும் வலிமையைத் தருகிறது. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் மையப்பொருள்.

திறவுச்சொற்கள்: சார்புநிலை, இயற்கை நீதி, சமரச அலுவலர், ஊதிய உடன்பாடு, காவிரிப் படுகை, குத்தாலம்

முன்னுரை

கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்துள்ளது குத்தாலம். நெல்வயலில் உழைப்போர், அரசுப் பேருந்தை இயக்குவோர் ஆகிய இருசாராரின் ஊதிய வரலாறும் இப்பகுதியில் உடன்பாடுகளோடு பிணைந்தது. இருவகை உடன்பாடுகளிலும் உழைப்போருக்கும் ஊதியம் தருவோருக்கும் இடையே அரசு அலுவலர் ஒருவர் அமர்கிறார். அவர் நடுநிலையாளர்தாமா என்னும் வினா எழும்போது சட்டம் அதற்கு எவ்வாறு விடையிறுக்கிறது என்பதை இங்குக் காண்போம்.

சார்புநிலையை அளக்கும் முறை

தன் வழக்கில் தானே நீதிபதியாக இருத்தல் கூடாது என்பது இயற்கை நீதியின் முதன்மைக் கோட்பாடு. சார்பு மூவகையில் எழலாம்: பொருள் நலன் சார்ந்தது, தனிப்பட்ட உறவு அல்லது பகை சார்ந்தது, வகிக்கும் பதவி சார்ந்தது. இவற்றுள் பொருள் நலன், எத்துணைச் சிறிதாயினும், தகுதியிழப்புக்குப் போதுமானது. ஏனைய இரண்டிலும் சார்பு உண்மையில் நிகழ்ந்தது என மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நிகழ்வதற்கு நியாயமான வாய்ப்பு இருந்தது எனக் காட்டினால் போதும்.

மானக்லால் வழக்கில் (1957) உச்ச நீதிமன்றம் இவ்வளவுகோலைக் கையாண்டது. வழக்கறிஞர் ஒருவர் மீதான புகாரை விசாரித்த தீர்ப்பாயத்தின் தலைவர், முன்பொருமுறை புகார் கொடுத்தவருக்காக வாதாடியவர். தீர்ப்பாயத்தின் அமைப்பு குறையுடையது என நீதிமன்றம் கருதியது. எனினும், குறையை அறிந்திருந்தும் தொடக்கத்திலேயே மறுப்புத் தெரிவிக்காதவர் அவ்வுரிமையைக் கைவிட்டவராவார் எனக் கூறி முறையீட்டை ஏற்க மறுத்தது. சார்பு வாதத்தின் வெற்றி அதன் வலிமையை மட்டுமன்றி, அது எழுப்பப்படும் காலத்தையும் பொறுத்தது என்பது இதனால் புலனாகிறது.

பணியிட விசாரணைக்கு மீங்ளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கு (1963) எடுத்துக்காட்டு. தொழிலாளர் மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கு நேர்ச்சாட்சிகளாக இருந்த மேலாளர்களே விசாரணையையும் நடத்தினர். அவ்விசாரணை இயற்கை நீதிக்கு மாறானது என உச்ச நீதிமன்றம் கருதியது.

பதவி சார்ந்த சார்பைக் குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் வழக்குகள் விளக்குகின்றன. ஆந்திரத்தில் பேருந்துத் தடங்களை அரசுடைமையாக்கும் திட்டத்துக்கு எதிரான மறுப்புகளைப் போக்குவரத்துத் துறையின் செயலாளரே கேட்டார். அத்துறையே ஒரு தரப்பாக இருந்தமையால் அவரது விசாரணை ஏற்கப்படவில்லை. பின்னர் அமைச்சர் நிலையில் நடந்த விசாரணை, அமைச்சர் துறையின் உறுப்பல்லர் என்னும் காரணத்தால் ஏற்கப்பட்டது. அரசு முழுவதும் ஒரே தரப்பு எனக் கொள்ளாமல், துறைகளையும் பதவிகளையும் நீதிமன்றம் பிரித்துக் காண்பதை இங்கு நோக்கலாம்.

காவிரிப் படுகையின் பட்டறிவு

பழைய தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் முறைக்கு எதிரான போராட்டம் உடன்பாடுகளின் வழியே வளர்ந்தது. 1944இல் மன்னார்குடியிலும் 1948இல் மாயூரத்திலும் உடன்பாடுகள் ஏற்பட்டன. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தகராறுகளைச் சமரச அலுவலரிடமும் அவருக்கு மேல் வருவாய் நீதிமன்றத்திடமும் ஒப்படைத்தது.

நீதிமன்றப் படியேற இயலாத பண்ணையாளுக்கு அருகிலேயே ஓர் அலுவலர் கிடைத்தது பெரும் பயனே. ஆனால் சிற்றூர் அளவில் வருவாய் நிருவாகத்தின் கண்ணும் காதுமாக இருந்த கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் பெரும்பாலும் நிலமுடைய குடும்பங்களின் வழிவழி உரிமையாக இருந்தன. தமிழ்நாட்டில் அப்பதவிமுறை 1980இல்தான் ஒழிக்கப்பட்டது. அலுவலர் நேர்மையாளராகவே இருப்பினும், அவர் நம்பியிருந்த பதிவேடுகள் ஒரு தரப்பின் கையிலிருந்து வந்தன. மானக்லால் வழக்கின் அளவுகோல் தனியொருவரின் தொடர்பை அளக்கவல்லது. தகவல் வந்தடையும் வழியிலேயே உறையும் சார்பை அது எளிதில் அளப்பதில்லை.

சமரச அலுவலரின் இடம்

தொழில் தகராறுகள் சட்டம் (1947), பிரிவு 2(i) சார்பின்மைக்கு இலக்கணம் வகுத்தது. தகராறோடும் அதனால் நேரடியாகப் பாதிக்கப்படும் தொழிலோடும் தொடர்பற்றவரே சார்பற்றவர். நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர் அதன் அளவை அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். ஆனால் இவ்விலக்கணம் சமரச வாரியம், விசாரணை மன்றம், தீர்ப்பாயம் ஆகியவற்றின் உறுப்பினர்க்கே உரியது; சமரச அலுவலர் அதில் இடம்பெறவில்லை. வழக்கை வேறு மன்றத்துக்கு மாற்ற வழிசெய்த பிரிவு 33பி-யும் அவரைக் குறிப்பிடவில்லை.

அவர் தீர்ப்பளிப்பதில்லை, இணக்கம் காண உதவுகிறார் என்பதே இதற்குரிய நியாயம். அந்நியாயம் முழுமையானதன்று. சமரச நடவடிக்கையின்போது எட்டப்படும் உடன்பாடு, பிரிவு 18(3)இன்படி, கையொப்பமிடாத தொழிலாளரையும் பின்னர்ப் பணியில் சேர்வோரையும் கூடப் பிணைக்கும். ராம்நகர் கரும்பாலை வழக்கு (1960) இதனை உறுதிசெய்தது. இவ்வலிமை கிட்ட, உடன்பாடு சமரச அலுவலரின் உதவியோடும் இசைவோடும் எட்டப்பட்டிருத்தல் வேண்டும் எனப் பாட்டா காலணி நிறுவன வழக்கு (1961) வரையறுத்தது. எனவே அவரது இசைவு வெறும் சான்றொப்பமன்று. ஏற்காதவர் மீதும் கடப்பாட்டைச் சுமத்தும் செயலாகும். அதற்கு நடுநிலை இன்றியமையாதது.

2018ஆம் ஆண்டு நிகழ்வு

அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் இச்சிக்கல் கூர்மையடைகிறது; அங்கு ஊதியம் தரும் கழகமும் சமரச அலுவலரும் மாநில அரசின் கீழேயே உள்ளனர். ஊதியத்தை 2.57 மடங்கு காரணியால் உயர்த்துமாறு சங்கங்கள் கோரின. 2018 ஜனவரி 4 அன்று 2.44 காரணியைச் சில சங்கங்கள் ஏற்றுக் கையொப்பமிட்டன. ஏனையவை மறுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கின. சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபனை மத்தியஸ்தராக அமர்த்தியதையடுத்து வேலைநிறுத்தம் ஜனவரி 11 அன்று முடிவுக்கு வந்தது.

எந்த அலுவலர் மீதும் சார்புக் குற்றம் நிறுவப்படாமலேயே, இரு தரப்புக்கும் வெளியே நிற்கும் ஒருவரின் தலையீடு பேச்சுக்கு வழிதிறந்தது. நாகேஸ்வர ராவ் வழக்குகளின் நோக்கில் தொழிலாளர் துறையும் போக்குவரத்துத் துறையும் வெவ்வேறானவை. ஆகவே சட்டத்தின்முன் சார்பு வாதம் நிற்பது கடினம். தொழிலாளியின் பார்வையிலோ இரண்டும் ஒரே அரசுதான்.

முடிவுரை

சார்பு வாதம் மனத்தூய்மையைப் பற்றியதன்று. முடிவெடுப்பவர் எங்கு நிற்கிறார் என்பதைப் பற்றியது. 1947 சட்டத்தின் இடத்தில் கொண்டுவரப்பட்ட தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் (2020) சமரச அலுவலர் பதவியைத் தொடர்கிறது. தீர்ப்பாயத்திலும் நீதித்துறை உறுப்பினரோடு நிருவாக உறுப்பினர் ஒருவரை அமர்த்துகிறது. இந்நிலையில் பதவி சார்ந்த சார்பு குறித்த வினா மேலும் பெருகவே வாய்ப்புண்டு. சமரச அலுவலர் தம் தொடர்புகளை முன்கூட்டியே அறிவித்தல், மறுப்பு எழுந்தால் வேறொருவரிடம் மாற்றுதல், மறுப்புக்குரிய உரிமையைத் தொடக்க அமர்விலேயே தொழிலாளர்க்குத் தமிழில் எடுத்துரைத்தல் ஆகிய மூன்றும் விதிகளில் இடம்பெறுதல் வேண்டும். கையொப்பமிடாதவரையும் பிணைக்கும் உடன்பாட்டில், அவர் நம்புதற்குரிய ஒருவரேனும் அமர்ந்திருத்தல் நீதியின் குறைந்த அளவுத் தேவையாகும்.