குதிரைகளின் கண் நோய்கள்

குதிரைகளின் கண் நோய்கள் என்பவை குதிரையின் இமை, விழிவெண்படலம், விழிநடுப்படலம், கண்வில்லை, விழித்திரை ஆகிய பகுதிகளைத் தாக்கும் நோய்களும் காயங்களும் ஆகும். இவற்றுள் பல, தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். கண்ணீர் வடிதல், கண்ணைச் சுருக்குதல், வெளிச்சத்தைத் தவிர்த்தல், கண்ணில் 'பூ விழுதல்' ஆகியவை எல்லாவற்றுக்கும் பொதுவானவை. ஆனால் ஒரு நோயைக் குணப்படுத்தும் சொட்டு மருந்து மற்றொரு நோயில் கண்ணையே அழித்துவிடக்கூடும். ஆகவே மருத்துவத்திற்கு முன் நோயைச் சரியாக இனங்காணுதல் இன்றியமையாதது.

தருமபுரி மாவட்டமும் அதை ஒட்டிய பகுதிகளும் மாடு வளர்ப்புக்குப் பெயர்பெற்றவை. மாட்டுக்கொட்டகையை ஒட்டிக் குதிரையைக் கட்டுவது ஊர்ப்புறங்களில் இயல்பு. மாட்டிலிருந்து கொசு வழியாகக் குதிரைக்கு வரும் கண்புழு நோய்க்கு இது வழிவகுக்கிறது.

குதிரைக் கண்ணின் அமைப்பு

நிலவாழ் பாலூட்டிகளுள் மிகப்பெரிய கண்களைக் கொண்டவற்றுள் குதிரையும் ஒன்று. கண்கள் தலையின் இருபுறமும் புடைத்து அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்க முடியும். இதே காரணத்தால் முள், வைக்கோல், கம்பி, சாட்டை நுனி ஆகியவற்றால் எளிதில் காயமும் படுகிறது.

கண்ணின் உள்மூலையில் மூன்றாம் இமை உள்ளது. வலி ஏற்படும்போது இது மேலெழுந்து விழியின் ஒரு பகுதியை மூடும். இதைச் சதை வளர்ச்சி என்று எண்ணி வெட்டிவிடக் கூடாது. கண்மணியின் மேல்விளிம்பில் கரும்பழுப்பு நிறத்தில் சிறு மணிகள் போன்ற திரட்சிகள் தொங்குவதும் இயல்பே. கடும் வெயிலில் இவை விழிக்குள் செல்லும் ஒளியைக் குறைக்கின்றன. இவற்றைக் கட்டி என்று பயப்படுவோரும் உண்டு.

நோயின் அறிகுறிகள்

நலமான குதிரையின் மேலிமை முடிகள் ஏறக்குறைய நேராக முன்னோக்கி நிற்கும். ஒரு கண்ணில் மட்டும் அவை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் அக்கண்ணில் வலி உள்ளது என்று பொருள். இரு கண்களையும் முன்னால் நின்று ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். பிற அறிகுறிகள்:

• கண்ணீர் அல்லது சீழ் வடிதல்
• இமை வீக்கம், கண்ணை மூடியே வைத்திருத்தல்
• விழி வெளுத்தல் அல்லது நீலம் பாய்தல்
• கண்மணி மிகவும் சுருங்கியிருத்தல்
• ஒரு பக்கமாக இடித்துக்கொள்ளுதல், மிரளுதல், பழகிய இடத்தில் தடுமாறுதல்

கண்டறியும் முறை

முதலில் குதிரையைத் தொடாமல், தொலைவில் நின்று முகத்தின் இருபக்கமும் ஒத்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். பின்னர் கையை விழியை நோக்கி மெல்ல அசைத்து இமை மூடுகிறதா என்று சோதிப்பார். கை அசைவின் காற்று படக்கூடாது, ஏனெனில் பார்வையற்ற குதிரையும் காற்றை உணர்ந்து இமைக்கும். இது பழக்கத்தால் வரும் எதிர்வினை என்பதால் பிறந்து இரண்டு வாரம் ஆகாத குட்டிகளிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அடுத்து, ஒளி பாய்ச்சி இரு கண்மணிகளும் சுருங்குகின்றனவா என்று பார்க்கப்படும்.

குதிரையின் இமைத்தசை மிக வலுவானது. வலியுள்ள கண்ணைக் கையால் பிரிக்க முயன்றால், ஆழமான புண் உள்ள விழி அழுத்தத்தால் கிழியக்கூடும். எனவே மயக்கூசி கொடுத்து, காதுக்கும் கண்ணுக்கும் இடையே செல்லும் இமை நரம்பை மரக்கச் செய்த பிறகே சோதனை தொடரும்.

இதன்பின் செய்யப்படும் புளோரசீன் சாயச் சோதனை, செலவு குறைந்தது, ஆனால் மிக முதன்மையானது. மஞ்சள் சாயத்தைக் கண்ணில் இட்டுக் கழுவினால், விழிவெண்படலத்தில் புண் உள்ள இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். கண்ணழுத்தம் இயல்பாக 15 முதல் 30 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். இதை அளக்கும்போது தலை இதயத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

முக்கிய நோய்கள்

விழிவெண்படலப் புண்

வைக்கோல் துணுக்கு, முள், மணல் ஆகியவை கீறுவதால் தொடங்குகிறது. தாவரப் பொருள்களால் ஏற்படும் காயத்தில் பியூசேரியம், ஆசுபெர்கில்லசு போன்ற பூஞ்சைகள் புகக்கூடும். நுண்ணுயிரிகளும் வெள்ளை அணுக்களும் வெளியிடும் நொதிகள் படலத்தையே கரைக்கத் தொடங்கினால், புண் ஓரிரு நாளில் விழியைத் துளைத்துவிடும்.

புண்ணின் ஓரத்திலிருந்து மாதிரி சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பின், பாக்டீரியா எதிர்ப்பு மருந்தோ நேட்டாமைசின் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தோ தேர்ந்தெடுக்கப்படும். கடும் நிலையில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மருந்திட வேண்டும். அதற்காக இமையில் மெல்லிய குழாயைப் பொருத்தி, பிடரியருகிலிருந்தே மருந்து செலுத்தும் முறை கையாளப்படுகிறது. கரைக்கும் நொதிகளைத் தடுக்கக் குதிரையின் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த ஊநீரையே (சீரம்) சொட்டு மருந்தாக இடுவதுண்டு.

ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைப் புண் உள்ள கண்ணில் இடவே கூடாது. அது புண் ஆறுவதைத் தடுத்து, பூஞ்சையைப் பெருகச் செய்யும். கண் சிவப்புக்கு வாங்கி மிச்சம் வைத்த மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது மிகப் பரவலானது.

மீள்வரும் விழிநடுப்படல அழற்சி

உலக அளவில் குதிரைகள் பார்வை இழப்பதற்கு முதன்மையான காரணம் இதுவே. பிறைகளுக்கு ஏற்ப வந்து போவதாக முற்காலத்தில் கருதப்பட்டதால் 'நிலவுக் குருடு' என்றும் பெயர் பெற்றது. எலி முதலியவற்றின் சிறுநீரால் மாசுபட்ட நீரில் பரவும் லெப்டோசுபைரா நுண்ணுயிரி இதன் காரணிகளுள் ஒன்று. தொற்று அடங்கிய பின்னும் உடலின் எதிர்ப்பாற்றல் கண்ணையே மீண்டும் மீண்டும் தாக்குகிறது. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் புரை, ஒட்டுதல், விழித்திரைச் சேதம் என இழப்பு கூடுகிறது.

இந்நோயில், புண் இல்லை என்று சாயச் சோதனை உறுதி செய்த பின், ஸ்டீராய்டு சொட்டு மருந்தே முதன்மை மருத்துவம் ஆகும். அதனுடன் வலி, அழற்சி குறைக்கும் ஊசியும், கண்மணியை விரிக்க அட்ரோபினும் தரப்படும். அட்ரோபின் குடல் அசைவைக் குறைத்து வயிற்று வலியை உண்டாக்கக்கூடும் என்பதால், சாணம் ஒழுங்காக வருகிறதா என்று வளர்ப்பவர் கவனிக்க வேண்டும்.

கண்புழு நோய்

விழியின் முன்னறை நீரில் வெண்ணிற நூல் போன்ற புழு நெளிந்தோடும் நோய் இது. இந்தியாவில் பெரும்பாலும் செட்டேரியா டிசிடேட்டா என்ற உருளைப்புழுவே காரணம். இதன் இயல்பான வாழிடம் மாட்டின் வயிற்றறை. அங்கு அது மாட்டுக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. மாட்டின் இரத்தத்தில் உள்ள நுண்புழுக்களை உறிஞ்சிய கொசு, பின்னர் குதிரையைக் கடிக்கும்போது இளம்புழு குதிரையின் உடலில் புகுகிறது. தனக்கு ஒவ்வாத உடலில் வழிதவறி அலையும் புழு கண்ணை அடையலாம். தண்டுவடத்தை அடைந்தால் பின்னங்கால்கள் தளரும் 'கும்ரி' என்ற வாதம் உண்டாகும்.

இந்நோய் பழங்காலந்தொட்டே வியப்பை ஏற்படுத்தியுள்ளது. 'கண்ணில் பாம்பு உள்ள குதிரை' என்று 1780-களில் பிலடெல்பியாவில் ஒரு குதிரை காட்சிக்கு வைக்கப்பட்டது. அதை நேரில் பார்த்த பிரான்சிசு ஒப்கின்சன் அது புழுவே என்று விவரித்து எழுதினார்.

புழுவைக் கண்ணுக்குள்ளேயே மருந்தால் கொன்றால், இறந்த புழு கடும் அழற்சியை உண்டாக்கி விழியை வெளுக்கச் செய்யும். ஆகவே உயிருடன் இருக்கும்போதே வெளியேற்றுவது சிறந்தது. மயக்கமருந்து கொடுத்து, விழிவெண்படலத்தின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அளவு கீறினால், முன்னறை நீருடன் புழு வெளியே வந்துவிடும். காலம் தாழ்த்தினால் விழி வெளுத்து, புழு இருக்குமிடமே தெரியாமல் போகும்.

பிற நோய்கள்

டிரிப்பனோசோமா இவான்சி என்ற ஒட்டுண்ணியால் வரும் சர்ரா நோயிலும் கண்ணீர் வடிதலும் விழி வெளுத்தலும் காணப்படும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, இரத்தசோகை, கால் வீக்கம் ஆகியவை உடனிருந்தால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இங்கு கண்ணுக்கு மட்டும் மருந்திடுவதால் பயனில்லை. இமையோரத்திலும் மூன்றாம் இமையிலும் வரும் புற்றுநோய், வெளிர்நிறத் தோல் கொண்ட குதிரைகளில் கூடுதலாகக் காணப்படுகிறது.

தருமபுரி வட்டாரத்தில்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தொடங்கிய பண்ணை, படைக்குதிரைகளுக்காக ஏற்பட்டது. பின்னர் அது கால்நடைப் பண்ணையாக மாறியது. 1965-இல் தருமபுரி மாவட்டம் உருவானபோது அதில் அடங்கியிருந்த ஓசூர், 2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது.

ஈரோடு மாவட்டத்து அந்தியூர் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தை குதிரை வணிகத்திற்குப் புகழ்பெற்றது. சந்தையில் வாங்குவோர் பல்லையும் சுழியையும் பார்க்கும் அளவுக்குக் கண்ணைப் பார்ப்பதில்லை. குதிரையை நிழலுக்குக் கொண்டுசென்று, கைவிளக்கால் இரு கண்மணிகளையும் ஒப்பிடுவதும், ஒரு கண்ணை மூடி நடத்திப் பார்ப்பதும் பழைய பார்வைக் குறையை வெளிக்காட்டும்.

கண் அறுவை மருத்துவத்திற்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி (1985) இப்பகுதிக்கு அண்மையில் உள்ளது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இயங்குகிறது. அவசர உதவிக்கு 1962 என்ற கால்நடை மருத்துவ ஊர்தி எண் உள்ளது.

முதலுதவியும் தடுப்பும்

கண் வலியுள்ள குதிரையை இருட்டான, ஈ மொய்க்காத இடத்தில் கட்டி, கொதித்து ஆறிய நீரால் மென்மையாகக் கழுவலாம். தலையைத் தேய்த்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பு, சுண்ணாம்பு, வெற்றிலைச் சாறு, இலைச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் இடுவதும் ஊதுவதும் புண்ணைப் பெரிதாக்கும். வலியுள்ள கண் எதுவாயினும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

குதிரையை மாட்டுக்கொட்டகையிலிருந்து விலக்கிக் கட்டுதல், மாலை முதல் கொசுவலை பயன்படுத்துதல், தேங்கிய நீரையும் எருக்குழிக் கழிவுநீரையும் அகற்றுதல், தீவனத் தொட்டியை எலி அண்டாமல் வைத்தல், மருத்துவர் கூறும் இடைவெளியில் குடற்புழு நீக்கம் செய்தல் ஆகியவை தடுப்பு முறைகள் ஆகும்.