பத்து கிலோ வாக்குறுதி, ஒரு பக்க ரசீது

உடல் பருமனைக் குறைக்கும் என்று சொல்லி ஒரு மருந்துக்கு விளம்பரம் செய்வது இந்தியாவில் குற்றம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் அதைத் தடுக்கிறது. விளம்பரம் செய்யக் கூடாத நோய்கள் என்று அந்தச் சட்டம் போட்டிருக்கும் பட்டியலில் புற்றுநோய், நீரிழிவு ஆகியவற்றோடு உடல் பருமனும் பெயர் சொல்லி இருக்கிறது. சட்டம் வந்து எழுபது வருடம் தாண்டிவிட்டது. மின்கம்பத்து நோட்டீஸிலிருந்து இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வரைக்கும் ‘பதினைந்து நாளில் பத்து கிலோ’ என்ற குரல் மட்டும் ஓயவில்லை.

அந்தக் குரல் குறிவைப்பது பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களை. ஹெல்த் செக்-அப் ரிப்போர்ட்டைப் பார்த்து மிரண்டவர்கள், மகள் கல்யாணத்துக்குள் இளைத்தாக வேண்டும் என்று நினைப்பவர்கள், மூட்டுவலிக்குப் போன இடத்தில் “முதல்ல வெயிட்டைக் குறைங்க” என்று கேட்டு வந்தவர்கள். கையில் கொஞ்சம் காசு புழங்கும் வயதும் அதுதான். ஆட்களுக்கும் பஞ்சமில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்கள் 30.9 சதவீதமாக இருந்தார்கள்.

முதலில் அந்த வாக்குறுதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். பத்து கிலோவுக்கு 77,000. பதினைந்தால் வகுத்தால் தினம் 5,000 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வர வேண்டும். நாற்பத்தைந்து வயதில் வீட்டு வேலையும் அலுவலக வேலையுமாக இருக்கும் ஒரு பெண் ஒரு நாளில் செலவழிப்பதே 2,000 கலோரியை ஒட்டித்தான். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாலும் பத்து கிலோ கொழுப்பு கரையாது. அப்படியும் தராசு முள் இறங்குகிறதே என்றால், முதல் வாரத்தில் இறங்குவது தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டிய தண்ணீரும். இரண்டு வேளை சோறு சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். ஸ்லிம்மிங் சென்டரில் சேரும் நாளில் சாப்பிட்ட பிறகு மாலையில் எடை பார்ப்பதும், அடுத்த முறை காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பதும் அதே கணக்கில் சேர்ந்த கைவேலை.

ஐ.சி.எம்.ஆரின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, வாரத்துக்கு அரை கிலோ குறைவதைப் பாதுகாப்பான அளவாகச் சொல்கிறது. எடைக் குறைப்பு உணவு ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் சொல்கிறது. பத்து கிலோவுக்கு ஐந்து மாதம். இதை எந்த நோட்டீஸிலும் அச்சடிக்க மாட்டார்கள், விற்காது.

‘நாற்பது ஆனால் மெட்டபாலிசம் படுத்துவிடும்’ என்பது அந்த சென்டர்களின் கவுன்சலர்கள் சொல்லும் இன்னொரு மந்திரம். 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளை வைத்து 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு வேறு சொன்னது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வயது வரை உடம்பின் எரிசக்திச் செலவு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது தசை. முப்பதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது. தூக்கம் கெடுகிறது, நாற்காலி நேரம் கூடுகிறது. ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள் ஆகியவையும் எடையைக் கூட்டும்; அவற்றைத் தானாக நிறுத்துவது எடையைவிடப் பெரிய ஆபத்து, மருத்துவரிடம் மாற்று கேட்க வேண்டும்.

ஆகவே தராசைவிட நம்பிக்கையான கருவி தையல்காரரின் டேப். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன். வெள்ளைக்காரர்களுக்கான 25, 30 என்ற அளவைப் பார்த்துவிட்டு ‘நான் நார்மல்’ என்று இருந்துவிடக் கூடாது. பட்டினி கிடந்து இளைத்தால் கொழுப்போடு தசையும் போகும். பிறகு எடை ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பே திரும்பும். பருப்பு, முட்டை, மீன், சுண்டல் என்று புரதத்தைத் தட்டில் கூட்டி, சோற்றைக் குறைத்து, நடையோடு வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் செய்வதுதான் இந்த வயதுக்கான வழி. இதில் புதுமை எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

உடம்புக்கு வரும் ஆபத்து

‘ஹெர்பல்தான், சைடு எஃபெக்ட் கிடையாது’ என்று வரும் ஸ்லிம்மிங் காபி, டீ, கேப்சூல்களில்தான் அதிக எச்சரிக்கை தேவை. சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. 2011-இல் இந்தியா தடை செய்தது. அதன் பிறகும் ‘மூலிகை’ என்று விற்கும் பொருள்களில் அதைக் கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. ரத்த அழுத்த மாத்திரை போடும் ஐம்பது வயதுக்காரருக்கு இது விளையாட்டல்ல. ஒரு டீயைக் குடித்ததும் பசியே இல்லை, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி.

யூடியூப் வைத்தியம் இன்னொரு பக்கம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது என்பதாலேயே வெங்காரம் சாப்பிடும் பொருளாகிவிடாது. அது போராக்ஸ், உள்ளே போனால் நஞ்சு. சர்க்கரை நோயாளிகள் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டே ‘பதினாறு மணி நேர விரதம்’ இருந்தால் ரத்தச் சர்க்கரை கீழே விழுந்து மயங்கும் ஆபத்து உண்டு. வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் உருவாகலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டவும் கூடும்.

இப்போது பேச்செல்லாம் எடைக் குறைப்பு ஊசியைப் பற்றி. 2025 மார்ச்சில் மஞ்சாரோவும் ஜூனில் வேகோவியும் இந்தியாவுக்கு வந்தன. வேகோவியில் உள்ள செமாகுளுடைடின் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்தது. இவை மோசடி மருந்துகள் அல்ல, உண்மையிலேயே எடையைக் குறைப்பவை. அதனால்தான் பியூட்டி பார்லரிலும் வாட்ஸ்அப்பிலும் வாங்கக் கூடாது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்பது சட்ட விரோதம். குமட்டலும் மலச்சிக்கலும் சாதாரணம். கணைய அழற்சியும் பித்தக்கல்லும் அரிதாக வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இந்த ஊசி கூடாது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்காமல் தொடங்காதீர்கள். செமாகுளுடைடு ஆய்வில் நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குளிர்பதனத்தில் வைத்திருந்ததா என்று பார்த்து, தொகுதி எண்ணோடு பில் வாங்குங்கள். எந்த மருந்தாலும் பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே நேரடியாகப் புகார் பதியலாம்.

பணத்துக்கு வரும் ஆபத்து

கொழுப்பை உறைய வைக்கும் இயந்திரங்களின் கதையைச் சொன்னால் இந்த வியாபாரம் புரியும். 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வி.எல்.சி.சி. நிறுவனத்துக்கு 3 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஒரே அமர்வில் 600 கிராம் வரை எடையும் 7 சென்டிமீட்டரும் குறையும் என்று கூல்ஸ்கல்ப்டிங் சிகிச்சைக்கு விளம்பரம் செய்தது குற்றம். அமெரிக்க எஃப்.டி.ஏ. அந்த இயந்திரத்துக்குக் கொடுத்த அனுமதியோ, பி.எம்.ஐ. 30 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு, குறிப்பிட்ட சில இடங்களில் துருத்தும் கொழுப்பைக் குறைக்க மட்டும். எடைக் குறைப்புக்கு அல்ல. அனுமதிக்காகக் காட்டிய பரிசோதனையில் 57 பேர். அவர்களில் ஆசியர் ஒருவரும் இல்லை. இதே சிகிச்சை விளம்பரத்துக்காகக் காயா நிறுவனமும் 3 லட்சம் கட்டியது. ‘எஃப்.டி.ஏ. அங்கீகாரம்’ என்ற ஒரு வரி கண்ணில் பட்டால், எதற்காக, யாருக்காக என்று கேட்கப் பழக வேண்டும்.

சென்டருக்குள் போனால் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. இலவச ‘பாடி அனாலிசிஸ்’, பயமுறுத்தும் ஒரு பிரிண்ட் அவுட், ‘இன்னைக்கு மட்டும் பாதி விலை’. பணம் இல்லையென்றால் உங்கள் ஆதாரையும் பான் கார்டையும் வாங்கி, ஐந்து நிமிடத்தில் இ.எம்.ஐ. போட்டுவிடுவார்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சென்டருக்கு மொத்தப் பணமும் அன்றே போய்விடும்; நீங்கள் கடன்பட்டிருப்பது ஒரு நிதி நிறுவனத்துக்கு. சென்டர் ஷட்டரை இழுத்து மூடினாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் சிபில் அடி வாங்கும். இப்படிச் செயலி வழியாக வாங்கும் கடனுக்கு வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சொல்லும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குறைந்தது ஒரு நாள் பின்வாங்கும் காலமும் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி அபராதமின்றி வெளியேறலாம். வீட்டுக்கு வந்து ஆற அமர யோசித்து மனம் மாறினால் மறுநாளே செய்யுங்கள். நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

காலையில் ஷேக் கொடுக்கும் நியூட்ரிஷன் கிளப்புகளைப் பற்றிச் சுருக்கமாக: நேரடி விற்பனைக்கு 2021-இல் தனி விதிகள் வந்துவிட்டன. விற்பவர் தன் அடையாளத்தையும் நிறுவனத்தின் முகவரியையும் திருப்பித் தரும் விதிமுறைகளையும் உங்களிடம் சொல்ல வேண்டும். சேர்வதற்குக் கட்டணம் கேட்டால் அது விதிமீறல். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இருக்கட்டும். ஆனால் அந்த எண் உணவு என்பதற்குத்தான், மருந்து என்பதற்கு அல்ல.

பணத்தைத் திரும்பக் கேட்பது

‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். பலர் அதைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வரியோடு விஷயம் முடிவதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராததும், குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை.

நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: என்ன சொன்னார்கள், என்ன நடந்தது. அதனால் சேரும்போதே வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால், “நீங்கள் சொன்னபடி மூன்று மாதத்தில் பன்னிரண்டு கிலோ, சரிதானே?” என்று அவர்கள் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அவர்களே குறித்த எடை அட்டை, ஜி.எஸ்.டி.யோடு பில் ஆகியவையும் வேண்டும். ஜிம், ஹெல்த் கிளப் சேவைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கில் வசூலிக்கிறார்களா என்றும் பாருங்கள்.

முதலில் ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்ட்டில். பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் அவர்கள் தலையிட்டதுமே சில நிறுவனங்கள் இறங்கி வரும். வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, சென்டர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. “அடுத்த மாசம் கண்டிப்பா பார்த்துக்கலாம் மேடம்” என்று இழுத்தடிப்பது அந்தக் கெடுவைக் கரைக்கத்தான் என்று நான் சந்தேகப்படுவதுண்டு.

பணம் கட்டி ஏமாறாதவர்களும் பொய் விளம்பரத்தைப் பற்றிப் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியரிடமே அந்தப் புகாரைக் கொடுக்க வழி செய்கிறது. திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துக் கொடுங்கள். பொய் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை அபராதம். அதில் முகம் காட்டும் பிரபலங்களுக்கும் இதே கதி.

எடையைக் குறைக்க மருத்துவமனையில் செய்யும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், அவசரத்துக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா, மயக்க மருந்து நிபுணர் யார் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எது நடந்தாலும், கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. ‘எடை சம்பந்தப்பட்டது, கிளெய்ம் கிடையாது’ என்று காப்பீட்டு நிறுவனம் சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல், அல்லது குறைந்தது 35 இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத்திணறல் போன்றவையும் சேர்ந்திருந்து, மற்ற வழிகள் பலிக்காத நிலையில் மருத்துவர் பரிந்துரைத்த அறுவை சிகிச்சை, எடைக்கான பொது விலக்கில் அடங்காது என்று பாலிசியின் நிலையான வாசகமே சொல்கிறது. மறுப்பை எழுத்தில் வாங்கி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்கவில்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனு கொடுக்கலாம். அதற்கும் கட்டணம் இல்லை.